உபதேசியாருக்கு ஒரு பிடி

எங்கள் வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன மண்பானை இருக்கும். அதன் கழுத்தில் கரியால் ஒரு சிலுவை போட்டிருக்கும். உலை கொதிக்கத் தொடங்கியதும் அப்பத்தா படியில் அரிசி அளந்து சுளகில் கொட்டுவாள். புடைத்துக் கல் பொறுக்கிய பிறகு, களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடியை அள்ளிச் சின்னப் பானையில் போடுவாள். போடும்போது அவள் உதடு அசையும். ஒருநாள் கிட்டப் போய்க் காதை வைத்துக் கேட்டேன். "உபதேசியாருக்கு" என்றாள். ராத்திரி உலைக்கு "குசினிக்காரருக்கு" என்றாள். மறுநாள் காலை "கோயில் கூட்டுறவளுக்கு."

"அரிசி பூராவும் உபதேசியார் வீட்டுக்குத்தான போகுது. அப்புறம் ஏன் அப்பத்தா வேற வேற ஆளு சொல்ற?"

"அரிசி கொஞ்சம்தான் இருக்கு, ஒரு வீட்டுக்குப் போகட்டும். செபம் எல்லாருக்கும் போகும்த்தா."

எங்கள் ஊர் தேவகோட்டையிலிருந்து ஓரியூருக்குப் போகும் திசையில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் ஒரு போகம் நெல். பெருகாவிட்டால் சீமைக்கருவேல் வெட்டி, மூட்டம் போட்டுக் கரி விற்பதுதான் பிழைப்பு. தாய்க்கோயில் எங்கள் ஊரில். அதைச் சேர்ந்த கிளைக்கிராமங்கள் பதினான்கு. சாமியார் ஒருவர். அப்போது நாங்கள் மதுரையோடு இருந்தோம். 1987இல்தான் சிவகங்கை தனி மறைமாவட்டம் ஆனது. ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு சாமியார் மாறுவார். புதிதாக வருகிறவருக்கு எந்தக் கிராமத்துக்கு எந்த வரப்பு வழி என்று பிடிபடவே ஒரு வருஷம் ஆகும். உபதேசியார் மாறமாட்டார். அந்த வருஷம் கோயிலைத் தூக்கி நிறுத்துவது அவர் பொறுப்பு.

காலை நாலரைக்கு முதல் மணி அடிப்பார். சக்கிறீஸ்தில் பூசை உடுப்பை எடுத்து வைப்பார். அன்றைக்குப் பச்சையா ஊதாவா சிவப்பா என்று அவருக்குக் காலண்டர் பார்க்காமலே தெரியும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் எழுதுவது, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையைச் சாமியாருக்கு எழுதிக் கொடுப்பது, புதுநன்மைப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். சாமியார் போக முடியாத கிராமத்துக்கு ஞாயிறு விடியலில் சைக்கிளில் போய்ச் செபம் நடத்திவிட்டு, பத்து மணிக்குள் திரும்பி எங்களுக்கு மறைக்கல்வி எடுப்பார். சாவு விழுந்தால் துக்க மணி அடிப்பார். இழவு வீட்டில் எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்து செபமாலையைத் தொடங்குவார். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த இடத்தில் குழி வெட்டுவது என்று சொல்வதும் அவரே.

சம்பளம் மாதம் 150 ரூபாய். மீதியைக் களத்துமேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். கதிரடிக்கும்போது வண்ணாருக்கு, நாவிதருக்கு, மடை திறக்கிறவருக்கு அளப்பதுபோல உபதேசியாருக்கும் வீட்டுக்கு இத்தனை மரக்கால் என்று சுதந்திரம் உண்டு. கோணியோடு களத்தோரத்தில் அவர் நின்றதே இல்லை. யாராவது வீட்டில் கொண்டுபோய்ப் போட்டால் உண்டு, மறந்தால் இல்லை.

கண்மாய் இரண்டு வருஷம் தொடர்ந்து பெருகவில்லை. களமே இல்லாதபோது சுதந்திரம் ஏது? அந்தச் சமயத்தில்தான் சின்னப் பானை எங்கள் அடுப்படிக்கு வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் சக்கிறீஸ்துக்குப் பின்னாலிருந்த குடத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு குடிப்பதை அப்பத்தா இரண்டு வாரம் கவனித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து தன் மகனான என் ஐயாவிடம், "அந்த மனுசன் பசிக்குத் தண்ணி குடிக்கிறாரு" என்றாள். மறுநாளே மாதா சபைப் பெண்களில் ஆறு பேரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். ஏழு வீட்டில் ஏழு பானை.

ஆனால் கொடுப்பது எப்படி? ஊருக்கே மந்திரம் சொல்லிக் கொடுக்கிற ஆள். அவர் கையில் அரிசியை நீட்டினால் குன்றிப்போவார் என்று அப்பத்தா இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் ஞாயிறு மறைக்கல்விக்குப் போகும் பிள்ளைகள் ஏழு பேர் கையில் ஆளுக்கு ஒரு சின்னத் துணிப்பையைக் கொடுத்து அனுப்பினாள். "வாத்தியாருக்குக் காணிக்கைன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லப்படாது." நாங்கள் வரிசையாகப் போய் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். அவர் பைகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு, "சரி, பரலோக மந்திரத்துல எங்க விட்டோம்?" என்று பாடத்தைத் தொடங்கிவிட்டார். அவர் குரல் அன்றைக்குக் கொஞ்சம் கம்மியிருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை நாள் ஒன்று எனக்கு மறக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல், கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆள் வந்தது. ஒரு பெரியவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, அவஸ்தை எண்ணெய் பூச வேண்டும் என்று. சாமியார் நன்மை அப்பத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். வழி காட்ட உபதேசியார் அரிக்கேன் விளக்கோடு முன்னால் போனார். அவர் மகளுக்கு அன்றைக்கு மூன்றாவது நாளாகக் காய்ச்சல். பிள்ளைக்கு அனல் பறந்துகொண்டிருந்தது.

அப்பத்தா கொங்காணி போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். உபதேசியாரம்மா மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பத்தாவைப் பார்த்ததும், "எல்லார் வீட்டுச் சாவுக்கும் மொத ஆளாப் போறாரு ஆத்தா. எங்க வீட்டுல ஒண்ணுன்னா ஆளில்ல" என்று சொல்லி அழுதார். அப்பத்தா பதில் சொல்லவில்லை. துணியை நனைத்துப் பிள்ளையின் நெற்றியில் போட்டாள். அடுப்பை மூட்டி, சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தாள். நான் மூலையில் சாக்கில் சுருண்டு தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தபோது அப்பத்தா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். விடியும் நேரத்தில் காய்ச்சல் விட்டது. உபதேசியார் சேறும் தண்ணீருமாக வந்து சேர்ந்தார். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு உட்காரக்கூட நேரமில்லை, நாலரை ஆகியிருந்தது. அப்படியே மணியடிக்கப் போய்விட்டார்.

செபம் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு எத்தனையோ தியானப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அந்த ராத்திரி கற்றதைவிடக் கூடுதலாக எதையும் நான் கற்கவில்லை.

எங்கள் வீட்டில் ஐம்பத்துமூன்று மணி செபம் முடிந்தாலும் எழுந்துவிட முடியாது. அதன் பிறகு அப்பத்தாவின் தனிக் கணக்கு ஒன்று இருக்கும். கோயிலில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு அருள்நிறைந்த மந்திரம். உபதேசியார், குசினிக்காரர், கூட்டுகிறவள், மருந்து கொடுக்கிற சிஸ்டர், அப்பம் சுடுகிற சிஸ்டர். மாற்றலாகிப் போன சாமியார்களையும் அவள் விடுவதில்லை. அவர்களின் பெயர்கள் பாதி அவள் வாயில் நுழையாது. "மோட்டார் சைக்கிள் சாமிக்கு", "பாட்டுச் சாமிக்கு", "கண்ணாடிச் சாமிக்கு" என்றுதான் சொல்வாள். ஆண்டவருக்கு ஆள் அடையாளம் தெரியாதா என்ன என்பாள்.

கண்ணாடிச் சாமி இருந்தபோது ஒரு ஞாயிறு, முதல் பூசைக்கும் இரண்டாம் பூசைக்கும் நடுவில் அவருடைய தாயார் இறந்த தந்தி வந்தது. படித்து மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டு இரண்டாம் பூசையையும் முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். பூசையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. குசினிக்காரர் மத்தியானம் வந்து, வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது என்று சொன்னபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. அந்தத் தாயாரை அப்பத்தா பார்த்ததே இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் அந்த மாதத்தில் அந்த அம்மாளின் ஆத்துமத்துக்கு ஒரு பூசை வைக்கக் காசு முடிந்து வைப்பாள். கல்லறைத் திருநாளுக்கு எங்கள் வீட்டுக் கல்லறையில் ஒரு மெழுகுதிரி கூடுதலாக எரியும்.

இந்த மண்ணில் உபதேசிமாரின் கதை பழையது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். செபங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்து ஊர் ஊராகப் போனார். தான் போன பிறகு அந்தச் செபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஊருக்கு ஒருவரை அமர்த்தினார். அவர்களுக்குக் கூலி வேண்டுமே! முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த வரிப்பணம் ஒன்று இருந்தது. அதை உபதேசிமாரின் சம்பளத்துக்குத் திருப்பிவிட ஏற்பாடு செய்தார். இதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு அப்பத்தாவின் சின்னப் பானை ஞாபகம் வந்தது. செபம் சொல்லிக் கொடுக்கிறவன் வயிறும் நிறைய வேண்டும் என்று சவேரியாருக்குத் தெரிந்திருக்கிறது.

வீரமாமுனிவர் இவர்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு உரைநடை நூல் எழுதினார். எங்கள் சீமையிலோ இன்னும் நெருக்கமான கதை உண்டு. குருவான அருளானந்தர் 1693இல் ஓரியூரில் வெட்டுண்டார். அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1686இல், அவர் முதல் தடவை பிடிபட்டபோது கூட இருந்த உபதேசிமாரும் அவரோடு சேர்ந்து அடிபட்டார்கள், சித்திரவதைப்பட்டார்கள். ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். அந்த உபதேசிமாரின் பெயர் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேர் பட்டியலை எழுதுவது உபதேசியார்தான். எந்தத் தெருவுக்கு எத்தனை பேர், போன வருஷம் உட்கார்ந்தவர் யார், யாரை விட்டால் மனத்தாங்கல் வரும் என்று பார்த்துப் பார்த்து எழுதுவார். சடங்கின்போது செம்பும் தாம்பாளமும் ஏந்தி, தோளில் துண்டுகளைப் போட்டுக்கொண்டு சாமியார் கூடவே குனிந்து நகர்வார். இருபத்தாறு வருஷம் அப்படி நகர்ந்திருக்கிறார். ஒரு வருஷம் அப்பத்தா சாமியார் பங்களாவுக்குப் போனாள்.

"தோத்திரம் சாமி. இந்தத் தடவ உபதேசியாரு உக்காரணும்."

சாமியார் உபதேசியாரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் பதறிப்போனார். "நான் உக்காந்தா துண்டை யாரு எடுத்து நீட்டுறது சாமி?"

"ஏன், எம் மகன் நீட்டுவான்" என்றாள் அப்பத்தா.

அந்த வருஷம் என் ஐயா தாம்பாளம் பிடித்தார். உபதேசியார் பன்னிரண்டாவது நாற்காலியில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் மிதித்துக் காய்த்துப்போன பாதம்; குதிகாலில் வெடிப்பு. சாமியார் மற்றவர்களுக்கு ஊற்றியதுபோல மேலாக ஊற்றாமல் இரண்டு கையாலும் தேய்த்துக் கழுவினார். உபதேசியார் சாமியாரைப் பார்க்கவில்லை. ஐயாவின் தோளிலிருந்த துண்டு ஒரு பக்கம் சரிந்து கிடப்பதைச் சரிசெய்யச் சொல்லிக் கண்ணால் சைகை காட்டிக்கொண்டே இருந்தார்.

கோயில் கூட்டுகிறவளுக்கு அப்படி ஒரு நாற்காலி அப்போது கிடையாது. ஆண்களுக்கு மட்டும்தான் என்று விதி. அந்த விதியைப் போப் பிரான்சிஸ் 2016இல் மாற்றினார். அதற்குள் அவள் காலமாகிவிட்டாள்.

உபதேசியார் ஓய்வு பெற்ற நாளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கண்பார்வை மங்கி, இரண்டு தடவை சைக்கிளோடு வரப்பில் விழுந்த பிறகு அவரால் முடியவில்லை. பூசைக்குப் பிறகு பொன்னாடை போர்த்தி, சந்தன மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நாங்கள் கைதட்டினோம். பென்ஷன் கிடையாது. பி.எஃப். கிடையாது. அவர் குடியிருந்தது கோயில் வீடு. புதிதாக வரும் உபதேசியாருக்கு அதைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கடிகாரத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு வேனில் புறப்பட்டுப் போனார். யாரும் அவரை விரட்டவில்லை, யாரும் கெட்டவர்களும் இல்லை. முப்பது வருஷம் உழைத்தவர் வயதாகி எங்கே போவார் என்று யாரும் முன்கூட்டி நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நாங்களும்தான் நினைத்துப் பார்க்கவில்லை. அவருக்காகச் செபித்த எங்கள் வீடும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது பிழை, பெரிய பிழை.

அப்பத்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை. பிறகு அரிசிக்குப் பதிலாக மாதம் ஒரு மணியார்டர் போகத் தொடங்கியது. அதே ஏழு வீடு. அப்பத்தா 1998இல் இறந்தபோது சேதி கேட்டு அவர் பஸ் ஏறி வந்தார். புது உபதேசியாரிடம் சொல்லிவிட்டு மணிக்கயிற்றை வாங்கி, துக்க மணியைத் தானே அடித்தார். இழவு வீட்டில் முன்னால் உட்கார்ந்து செபமாலையைத் தொடங்கினார்.

வேலை, கல்யாணம் என்று நான் மதுரைக்கு வந்துவிட்டேன். பெரிய பங்கு. நாலு பூசை, மைக், ஏ.சி. மண்டபம். 2009இல் குருக்கள் ஆண்டு அறிவிக்கப்பட்டபோது பங்குச் சாமியார்களின் பாதுகாவலரான ஜான் மரிய வியான்னியின் படம் போட்ட செப அட்டையை வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். நானும் தினமும் சொன்னேன். சாமியார்களுக்காகச் செபிக்கத்தான் வேண்டும். தனியாக இருந்து, தனியாகச் சாப்பிட்டு, எல்லார் துக்கத்தையும் கேட்கிறவர்கள். ஒருநாள் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க கோயில்ல மணியடிக்கிறவுக பேரு என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக அந்தக் கோயிலில் நன்மை வாங்குகிறேன். அன்று மாலையே அவரிடமே போய்க் கேட்டேன். அவர் சொன்னார். சொல்லிவிட்டு, "ஏதும் பூசைக் கருத்து எழுதணுமாம்மா?" என்றார்.

மறுநாள் எவர்சில்வர் டப்பா ஒன்றை அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தேன்.

2020 மார்ச்சில் கோயில்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 12 பாஸ்காவைக் கைபேசியில் பார்த்தோம். திரையில் சாமியார் தெரிந்தார்; கேமராவுக்கு வெளியே மணியடித்தவர், பாஸ்கா திரியை ஏற்றி வைத்தவர், வெறும் பெஞ்சுகளைத் துடைத்தவர் தெரியவில்லை. காணிக்கை நின்றதும் முதலில் குறைந்தது அவர்கள் சம்பளம். எங்கள் அன்பியக் குழுவில் இருபத்திரண்டு குடும்பங்கள். வாட்ஸ்அப்பில் பிடியரிசியைப் பற்றி எழுதினேன். கோயிலில் வேலை செய்கிற ஆறு பேரின் பெயரையும் எழுதி, வீட்டுக்கு ஒரு பெயரைக் கொடுத்து, சாப்பாட்டுக்கு முன் அந்தப் பெயரைச் சொல்லிச் செபிக்கக் கேட்டேன். முதல் வாரம் ஐந்து வீட்டில் அரிசி சேர்ந்தது. மூன்றாவது வாரம், காவலாளியின் பெயர் விழுந்த வீட்டு அம்மாள் போன் செய்தார். "டீச்சர், அவருக்குச் சர்க்கரையாம். அரிசி வேண்டாம், மாத்திரை வாங்கணும். எனக்கு எப்படியோ கேக்கத் தோணிச்சு." அப்பத்தா தண்ணீர்க் குடத்தைக் கவனித்ததும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

2021 மே மாதம் போப் பிரான்சிஸ் உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான பணிகளில் ஒன்றாக ஏற்படுத்தி ஆணை வெளியிட்டார். செய்தியைப் படித்ததும் ஊருக்குப் போன் செய்தேன். ஐயாவுக்குக் காது சரியாகக் கேட்காது. இரண்டு தடவை சத்தமாகச் சொன்னேன். "நம்ம உபதேசியாருக்கா?" என்று கேட்டார். அவர் இறந்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. "ஆமாய்யா, அவருக்கும்தான்" என்றேன்.

மரியாதை வந்தது மகிழ்ச்சி. கையில் சம்பளமும், வயதான காலத்துக்கு ஒரு கூரையும், முடியாதபோது மருந்தும் வர வேண்டும். அதை ரோமிலிருந்து யாரும் மணியார்டரில் அனுப்பப் போவதில்லை. பங்குப் பேரவையில் உட்காருகிற நாம்தான் தீர்மானம் போட்டு எழுத வேண்டும். எங்கள் பங்கில் போன வருஷம்தான் ஆறு பேருக்கும் பி.எஃப். கணக்குத் தொடங்கினோம். அதற்கு நாலு கூட்டம் சண்டை போட வேண்டியிருந்தது. உங்கள் கோயிலில் மணியடிக்கிறவரின் பெயரை வருகிற ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். அவர் மனைவியின் பெயரையும் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். இரண்டு வேளைதான் சோறு வைக்கிறோம். வேளைக்கு ஒரு பிடி போட்டால் மாதக் கடைசியில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே வருகிறது.